பெற்றோர் இருவருக்கும் இரத்த அழுத்தம்: மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதா, வேறு வழி போதுமா?

அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிலும் அம்மாவுக்கு ஐம்பதிலும் இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியது, எனக்கு இப்போது முப்பத்திரண்டு, எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்கிறார்களாமே, செய்துகொள்ளலாமா என்ற கேள்வி, வயதும் உறவுமுறையும் சற்றே மாறி, வாசகர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனை என்ற ஒரே பெயரில், நோக்கத்திலும் பயனிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு சேவைகள் விற்கப்படுவது அதற்கு முதல் காரணம். மரபணுவைத் தொடாமலேயே மரபின் விளைவை அளந்துவிடக்கூடிய, இன்னும் மலிவான இரண்டு வழிகள் இருப்பது இரண்டாவது காரணம். ஆகவே இங்கே நான்கு வழிகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது: குடும்ப வரலாற்றைத் தொகுத்து வீட்டிலேயே அழுத்தம் அளப்பது, ஆல்டோஸ்டிரோன், ரெனின் அளவுகளுக்கான இரத்தப் பரிசோதனை, குறிப்பிட்ட சில மரபணுக்களை முழுமையாகப் படிக்கும் தொகுப்புப் பரிசோதனை, ஆயிரக்கணக்கான சிறு மாறுபாடுகளைக் கூட்டிப் போடும் பல்மரபணு இடர் மதிப்பெண்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், முடிவு கைக்கு வந்த பிறகு என்ன மாறும் என்பது. மாத்திரை மாறுமா, அறுவை சிகிச்சைக்கு வழி திறக்குமா, அல்லது ‘உப்பைக் குறையுங்கள், நடங்கள்’ என்ற பழைய அறிவுரையே அச்சிட்ட தாளில் திரும்பி வருமா? மற்ற அளவுகோல்கள் எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். இரண்டாவது, அந்தப் பரிசோதனை எந்த மக்களின் தரவைக் கொண்டு உருவானது, நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது. மூன்றாவது செலவு, ரசீதில் உள்ள தொகையோடு, தவறான முடிவு இழுத்துவிடும் அலைச்சலும் பயமும் இதில் சேரும். நான்காவது, ஒருவரின் முடிவு குடும்பத்தில் வேறு யாரைத் தொடும் என்பது.

## முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பழைய சண்டை

உயர் இரத்த அழுத்தம் எப்படிப் பரம்பரையாக வருகிறது என்பதில் இங்கிலாந்தின் இரு பெரும் மருத்துவர்கள் கடுமையாக மோதிக்கொண்டார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட் பிளாட், 1947இல் தொடங்கி, ஒரே மரபணுவால் கடத்தப்படும் தனி நோய் இது, மக்களில் ஒரு சாரார் அதைப் பெறுகிறார்கள், மற்றவர்கள் பெறுவதில்லை என்று வாதிட்டார். ஜார்ஜ் பிக்கரிங் இதை ஏற்கவில்லை. உயரத்தைப் போலவே இரத்த அழுத்தமும் மக்களிடையே இடைவெளியின்றிப் பரவிக் கிடக்கிறது, பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன, நோய் என்று நாம் சொல்வது அந்தத் தொடரில் நாமே போட்ட ஒரு கோடு என்பது அவருடைய வாதம்.

பெரும்பான்மையோரைப் பொறுத்தவரை பிக்கரிங்கின் பக்கமே வென்றது. 2018இல் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் மரபணுத் தரவை அலசிய ஆய்வொன்று, இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணு இடங்களின் எண்ணிக்கையை 901ஆக உயர்த்தியது. 2024இல் வெளியான அடுத்த ஆய்வு, தனித்தனிச் சமிக்ஞைகளாக 2,000க்கும் மேல் கண்டது. இவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் அழுத்தத்தை ஒரு மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்குக்கூட மாற்றுவதில்லை. ஆனாலும் பிளாட் முற்றிலும் தோற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒரே மரபணுவின் கோளாறால் அழுத்தம் ஏறும் குடும்பங்கள் அரிதாக உண்மையிலேயே இருக்கின்றன. 1990களில் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் அப்படிப்பட்ட கோளாறுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தபோது, அவை ஏறக்குறைய எல்லாமே சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்கும் வேலையில் வந்து முடிந்தன. இன்று விற்கப்படும் இரண்டு வகை மரபணுப் பரிசோதனைகளில் தொகுப்புப் பரிசோதனை பிளாட் சொன்ன அரிய குடும்பங்களுக்கும், இடர் மதிப்பெண் பிக்கரிங் சொன்ன பெருங்கூட்டத்துக்கும் உரியது. எந்தக் கூட்டத்தில் நாம் இருக்கிறோம் என்று தெரியாமல் பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

இன்னொரு எண்ணையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. இரத்த அழுத்தத்தின் மரபுவழிப் பங்கு 30 முதல் 50 சதவீதம் என்று சொல்வார்கள். ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதியை மரபு விளக்குகிறது என்பதே இதன் பொருள். ஒருவருடைய 150 என்ற அளவில் பாதியை அப்பா கொடுத்தார் என்று இதைப் படிக்கக் கூடாது. மேலும், பெற்றோரும் பிள்ளைகளும் மரபணுவோடு சேர்த்து ஒரே ஊறுகாய் ஜாடியையும் ஒரே அப்பளக் கட்டையும் பகிர்ந்துகொள்கிறார்கள். குடும்பத்தில் ஓடுவதெல்லாம் இரத்தத்தில் ஓடுவது ஆகிவிடாது.

## வழி 1: குடும்ப வரலாறும் வீட்டு அளவீடும்

மேற்கையில் கட்டும் பட்டையோடு கூடிய தானியங்கிக் கருவி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளப்பதற்குச் செலவே இல்லை. அளக்கும் முறை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். காபியோ தேநீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து, முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் பதிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காலையும் மாலையும் இப்படி ஏழு நாள் குறித்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு, மீதியின் சராசரியைப் பார்க்க வேண்டும். வீட்டு அளவில் 135/85 என்பது எல்லைக்கோடு. மருத்துவமனையில் எடுக்கும் 140/90க்கு அது சமம்.

மரபைப் பற்றிய கட்டுரையில் பட்டைக் கருவிக்கு என்ன இடம் என்று தோன்றலாம். இரண்டாயிரம் மரபணுச் சமிக்ஞைகளும், உப்பும், உடல் எடையும், உறக்கமும் சேர்ந்து எதை உண்டாக்குகின்றனவோ அந்த விளைவையே இது நேரடியாகப் படிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. மூவரில் ஒருவருக்கு மேல் இருக்கும் ஒன்றைக் கண்டறிய அளப்பதைவிட நேரான வழி எதுவும் கிடையாது.

குடும்ப வரலாறு அதைவிடவும் மலிவானது. ஆனால் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும். ‘அப்பாவுக்குப் பிரஷர் உண்டா?’ என்று கேட்டால் போதாது. எந்த வயதில் தொடங்கியது, எத்தனை மாத்திரைகள், யாருக்காவது இளம் வயதில் பக்கவாதமோ மூளை இரத்தக்கசிவோ வந்ததா, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருப்பதாக யாருக்காவது சொன்னார்களா என்பவைதான் கேள்விகள். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் மூன்று தலைமுறைகளைத் தொடர்ந்த ஆய்வில், தாத்தா பாட்டிக்கு 55 வயதுக்கு முன் அழுத்தம் வந்திருந்தால், பெற்றோரின் நிலையைக் கணக்கில் கொண்ட பிறகும் பேரப்பிள்ளைகளுக்கு இடர் கூடியிருந்தது. எழுபது வயதில் வந்த அழுத்தத்துக்கும் முப்பத்தைந்தில் வந்த அழுத்தத்துக்கும் மரபுச் செய்தி ஒன்றல்ல என்பது இதன் சாரம்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. நம் முந்தைய தலைமுறையில் ‘அவருக்கு ஒன்றும் இல்லை’ என்பதற்குப் பல சமயம் அளக்கவே இல்லை என்று பொருள். ‘திடீரென்று விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்’ என்ற பாட்டனாரின் கதைக்குள் பக்கவாதம் ஒளிந்திருக்கக்கூடும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். இவை போதாதென்று, ஒரு நாளைக்குப் பத்து முறை அளந்து, ஏறிய ஒவ்வொரு எண்ணுக்கும் பதறி, அந்தப் பதற்றத்தாலேயே அழுத்தத்தை ஏற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

## வழி 2: ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரத்தப் பரிசோதனை

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உப்பைத் தேக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரை (ஹார்மோனை) சுரக்கிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் என்ற பொருள் கட்டளையிட்டால் சுரக்க வேண்டியது, கட்டளை இல்லாமலே சுரந்தால் அழுத்தம் ஏறும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் இந்தப் பரிசோதனை சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நான்கில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் கணிப்பில் செலவிடும் ரூபாய்க்கு மிக அதிகம் தருவதும் இதுதான். விகிதம் உயர்ந்து, தொடர் பரிசோதனைகளில் கோளாறு ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் என்று உறுதியானால், அதை அகற்றுவதன் மூலம் அழுத்தம் குணமாகவோ பெரிதும் தணியவோ செய்யும். இரு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற, காரணத்தையே தாக்கும் மருந்து கிடைக்கும். முதல் அளவுகோலில் இதற்கு இணை இல்லை. 2025இல் வந்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டுதல், உயர் அழுத்தம் உள்ள எல்லோருக்குமே இதைச் செய்யலாம் என்கிறது.

மரபணுவுக்கும் இதற்கும் ஒரு சுவையான உறவு உண்டு. ஆல்டோஸ்டிரோனை இப்படி மிகுதியாகச் சுரக்கும் அட்ரினல் கட்டிகள் பலவற்றில் கே.சி.என்.ஜே.5 என்ற மரபணு மாறியிருப்பது 2011இல் தெரியவந்தது. ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியின் உயிரணுக்களில் மட்டுமே பிற்காலத்தில் நேர்ந்தது. பெற்றோரிடமிருந்து வரவும் இல்லை, பிள்ளைக்குப் போகவும் போகாது. எச்சிலில் தேடினால் அது கண்ணில் படாது. இரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனாகத்தான் தெரியும்.

குறை என்னவென்றால், முன்தயாரிப்பு. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பின், சிறிது உட்கார்ந்து, இரத்தம் கொடுக்க வேண்டும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சில அழுத்த மருந்துகள் விகிதத்தைத் திரித்துவிடும் என்பதால் அவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் சொல்லாமல் தாமாக நிறுத்துவது ஆபத்து. மேலும், அழுத்தம் ஏறாதவருக்கு இதில் பயன் இல்லை.

## வழி 3: ஒற்றை மரபணுக் கோளாறுகளுக்கான தொகுப்புப் பரிசோதனை

அழுத்தத்தோடு தொடர்புடையதாக நிறுவப்பட்ட சில பத்து மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிப்பது இது. செலவு பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும். முடிவுக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். தேவையற்றவருக்கு வீண், தேவையானவருக்கு வாழ்வையே மாற்றக்கூடியது என்ற இரட்டை முகம் இதற்கு உண்டு.

1963இல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் விவரித்த நோயில், சிறுநீரகத்தில் உப்பின் சோடியத்தை உடலுக்குள் திரும்ப விடும் கதவு மூடாமலே நிற்கிறது. ஆல்டோஸ்டிரோன் குறைவாகவே இருக்கும், ஆகவே ஸ்பைரனோலாக்டோன் பலிக்காது, அந்தக் கதவையே அடைக்கும் அமிலோரைடு பலிக்கும். அவர் விவரித்த அந்த நோயாளிக்குப் பிற்காலத்தில் வேறொருவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டபோது கோளாறு நீங்கியது. பழுது எந்த உறுப்பில் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கார்டன் நோய் என்ற மற்றொன்றில் பொட்டாசியம் வழக்கத்துக்கு மாறாக ஏறி நிற்கும். தையசைடு வகை நீரிறக்கி மாத்திரை அதைச் சரிசெய்துவிடும். அருகருகே உள்ள இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதால் ஆல்டோஸ்டிரோன் பெருகும் இன்னொரு பரம்பரைக் கோளாறில், இளம் வயதிலேயே மூளை இரத்தக்கசிவு நேரும் குடும்பங்கள் உண்டு. அதற்குச் சிறு அளவு ஸ்டீராய்டு மருந்தாகிறது. இந்த மூன்று நோய்களில் ஒன்றுக்கு உரிய மாத்திரை மற்றொன்றுக்கு உதவாமலோ கேடாகவோ முடியலாம் என்பதால்தான் மரபணுவின் பெயர் தெரிவது இங்கே முக்கியமாகிறது.

நம் வீடுகளுக்கு நெருக்கமான ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்ரினல் சுரக்கும் மற்றொரு இயக்குநீரான கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால், கார்டிசாலே ஆல்டோஸ்டிரோனைப் போல நடந்துகொண்டு உப்பைத் தேக்கும். அதிமதுரத்தில் உள்ள பொருள் தடுப்பதும் இதே நொதியைத்தான். தொண்டைக் கட்டுக்கு அதிமதுரத்தை வாரக்கணக்கில் மென்றுகொண்டு, பொட்டாசியம் இறங்கி அழுத்தம் ஏறி வருபவர், பிறவி நோயாளியைப் போலவே தோன்றுவார். மரபணுவுக்குப் பணம் கட்டும் முன் அடுக்களை அலமாரியைப் பார்ப்பது நல்லது. அந்தப் பிறவி நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் என்பதால், அக்கா மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில், பெற்றோருக்கு அழுத்தம் இல்லாமலே குழந்தைக்கு வரக்கூடும். மற்றவை பெரும்பாலும் தலைமுறைதோறும் நேர்க்கோட்டில் இறங்குபவை.

பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தவர்களின் நிலை வேறு. விட்டுவிட்டு வரும் தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகியவற்றோடு அழுத்தம் ஏறும் இந்நோயில், மூன்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்குப் பிறவி மரபணு மாற்றம் காணப்படுகிறது. இங்கே எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதே வழக்கம். தைராய்டு, சிறுநீரகம் போன்ற பிற உறுப்புகளில் பின்னால் வரக்கூடிய கட்டிகளைக் கண்காணிக்க அது உதவும்.

மறைமுகச் செலவுகளில் பெரியது ‘பொருள் உறுதியாகாத மாறுபாடு’ என்று வரும் முடிவு. ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது நோய் தருமா தராதா என்று இப்போது சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். உலகத் தரவுக் களஞ்சியங்களில் இந்தியர் குறைவு என்பதால் நமக்கு இப்படிப்பட்ட முடிவு வரும் வாய்ப்பு அதிகம்; பத்தாயிரம் இந்தியரின் மரபணுத்தொகையைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது இந்தக் குறையைக் காலப்போக்கில் குறைக்கும். இன்னொன்று காப்பீடு. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டை அது தொடுவதில்லை. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமே இல்லை.

## வழி 4: பல்மரபணு இடர் மதிப்பெண்

முன்பு சொன்ன 2024 ஆய்வின்படி, மதிப்பெண் மிக அதிகமுள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும் மிகக் குறைவான பத்தில் ஒரு பங்கினருக்கும் இடையே மேல் அழுத்தத்தில் சராசரியாக ஏறத்தாழ 17 மி.மீ. வேறுபாடு இருந்தது. சிறிய எண் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு முனைகளிலும் இல்லாமல் நடுவில் இருக்கும் பெரும்பாலோருக்கு இது சொல்வது மிகக் குறைவு. அந்த ஆய்வு ஐரோப்பிய மரபினரிடம் நடந்தது. பிற மக்களுக்கு மாற்றும்போது இத்தகைய மதிப்பெண்களின் துல்லியம் குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. இந்த லட்சணத்தில், நாலைந்து மரபணுக்களை மட்டும் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு உப்பு ஆகாது’ என்று வண்ணத் தாளில் எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளும் விற்பனையில் உள்ளன. அவற்றை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை.

முடிவு வந்தால் என்ன மாறும்? பிரிட்டனில் இரண்டே முக்கால் லட்சம் பேரிடம் 2018இல் நடந்த ஆய்வில், நல்ல வாழ்க்கை முறை உள்ளவர்களுக்கு மோசமான முறை உள்ளவர்களைவிட மேல் அழுத்தம் 4 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது, மரபு இடர் குறைந்தவர், நடுவானவர், மிகுந்தவர் என மூன்று பிரிவினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு. மதிப்பெண் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே என்றாகிறது. குறைந்த மதிப்பெண் வந்தவர் ‘எனக்குத்தான் பரம்பரை இல்லையே’ என்று கருவாட்டுக் குழம்பில் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வதுதான் இங்கே மறைந்திருக்கும் செலவு. இருபது வயதில், அழுத்தம் இன்னும் ஏறாத நிலையில், அச்சடித்த எண் ஒன்றைப் பார்த்தால்தான் ஒழுங்கு வரும் என்று தன்னை அறிந்த ஒருவருக்கு இது ஓரளவு உதவலாம்.

மருந்து எப்படி வேலை செய்யும் என்று மரபணுவில் பார்க்கும் பரிசோதனையையும் சிலர் கேட்கிறார்கள். மெட்டோபுரோலால் மாத்திரையைச் சிலர் உடல் மெதுவாகச் சிதைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அழுத்த மருந்தின் அளவை நாடியையும் பட்டைக் கருவியையும் பார்த்தே ஏற்றி இறக்குகிறார்கள். அதற்கு முன்கூட்டிய மரபணு அறிக்கை அரிதாகவே தேவைப்படும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வரலாறும் வீட்டு அளவீடும் | ஆல்டோஸ்டிரோன், ரெனின் | தொகுப்புப் பரிசோதனை | இடர் மதிப்பெண் |
|---|---|---|---|---|
| என்ன மாறும்? | சிகிச்சை தொடங்கலாமா என்பது | மருந்து மாறும், அறுவைக்கு வழி | மருந்து மாறும், உறவினருக்கும் பயன் | ஏறக்குறைய ஒன்றுமில்லை |
| நமக்குப் பொருத்தம் | முழுமையாக | முழுமையாக | உண்டு. உறுதியாகாத முடிவு வரலாம் | குறைவு |
| செலவு | மிகக் குறைவு | சில ஆயிரம் | பத்தாயிரத்துக்கு மேல் | இடத்துக்கு இடம் மாறும் |
| மறைமுகச் செலவு | தவறான பட்டை, ஓயாத அளத்தல் | மருந்து மாற்றம், தொடர் பரிசோதனைகள் | காப்பீட்டுக் கவலை, குடும்பப் பதற்றம் | பொய்யான நிம்மதி அல்லது வீண் பயம் |

## யாருக்கு எது?

தொடக்கத்தில் சொன்ன முப்பத்திரண்டு வயதுக்காரருக்கு முதல் வழியே போதும். ஏழு நாள் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப அளக்கலாம். மேலே இருந்தால் மருத்துவரிடம் சென்று, சாதாரண இரத்தப் பரிசோதனைகளோடு ஆல்டோஸ்டிரோன், ரெனின் பற்றியும் கேட்கலாம். பொட்டாசியம் குறைவாக உள்ளவர், நீரிறக்கி உட்பட மூன்று மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தம் உள்ளவர், நாற்பதுக்கு முன்பே அழுத்தம் வந்தவர் ஆகியோர் இரண்டாவது வழியைத் தள்ளிப்போடவே கூடாது.

மூன்றாவது வழி, இளம் வயதில் கடுமையான அழுத்தம், காரணம் தெரியாத பொட்டாசிய ஏற்ற இறக்கம், தலைமுறை தலைமுறையாக நாற்பதுக்குள் பக்கவாதம், ஃபியோகுரோமோசைட்டோமா ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும் குடும்பங்களுக்கு உரியது. அப்போதும் யாரிடம் தொடங்குவது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஆர்வம் மிகுந்த, ஆனால் நோயில்லாத மகன் தன் இரத்தத்தைக் கொடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வாங்கினால், குடும்பத்தில் மாற்றமே இல்லையா, இருந்தும் அவருக்கு மட்டும் வரவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வெளிப்பட்ட அப்பாவுக்கோ அத்தைக்கோ முதலில் தொகுப்பு முழுவதையும் படிக்க வேண்டும். அவரிடம் மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு, ‘இல்லை’ என்று வரும் பதிலையும் அப்போது முழுமையாக நம்பலாம்.